குறுகிய தெரு, நிறைய கார்: கோலாலம்பூர் தாமான்களில் வாகன நிறுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், செகாம்புட், செராஸ், பிரிக்பீல்ட்ஸ் என்று கோலாலம்பூரின் பழைய தாமான்களில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்புப் பகுதிகளில், இரவு எட்டு மணிக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கார் நிற்கும். நடுவில் ஒரு கார் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருக்கும். "இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் பார்க்கிங் ஒதுக்க வேண்டும்" என்ற கோரிக்கை குடியிருப்பாளர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. அந்தக் கோரிக்கையோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை.

என் வீட்டுக்கு நேர் எதிரே உள்ள இடம் எனக்குச் சொந்தம்தானே?

இல்லை. உங்கள் நிலம் வேலிச் சுவரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு வெளியே உள்ள கால்வாய், புல்தரை, தார்ச்சாலை எல்லாம் பொதுச் சாலையைச் சேர்ந்தவை. டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றம்தான் அவற்றுக்குப் பொறுப்பு. மதிப்பீட்டு வரியை ஒழுங்காகக் கட்டினாலும், இருபது வருடமாக அதே இடத்தில் கார் வைத்திருந்தாலும் அந்த இடத்தின்மேல் உரிமை வராது.

ஆனால் உங்கள் கேட்டை மறித்து நிறுத்துவதற்கு வேறு யாருக்கும் உரிமை கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். கேட்டை மறித்தால் நீங்கள் புகார் கொடுக்கலாம். கேட்டுக்குப் பக்கத்தில் சுவர் ஓரமாக நிறுத்தினால் அது உங்களுக்குத் தொந்தரவாக இருந்தாலும் குற்றமல்ல.

கோன், பூத்தொட்டி, பழைய டயர் வைத்து இடம் பிடிக்கலாமா?

கூடாது. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டட சட்டத்தின் 46-ஆவது பிரிவு பொது இடத்தில் இடையூறு ஏற்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. அமலாக்க அதிகாரிகள் அந்தப் பொருள்களை அள்ளிக்கொண்டு போகலாம். சட்டத்தை விடுங்கள்: பெயிண்ட் டின்னில் சிமெண்டு ஊற்றி நடுவில் இரும்புக் கம்பி நட்டு வைக்கிறார்களே, அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. இரவில் மழை பெய்யும்போது மோட்டார் சைக்கிளில் வருபவர் கண்ணுக்கு அது தெரியாது. தயவுசெய்து அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் நிறுத்தினால் நடுவில் உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

கூட்டம் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஓர் அளவு நாடா எடுத்துக்கொண்டு தார் போட்ட பகுதியின் அகலத்தை மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். பழைய தாமான் தெருக்கள் பல 20 அடி, அதாவது 6.1 மீட்டர் அளவில் இருக்கும்.

இப்போது கணக்கு. இன்றைய பெரோடுவா மைவி காரின் உடல் அகலம் 1.735 மீட்டர், பக்கக் கண்ணாடி இதில் சேராது. சாலை ஓரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தினால் ஒரு கார் ஏறக்குறைய 1.93 மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்து 3.87. மிச்சம் 2.23 மீட்டர். இரண்டு பக்கக் கண்ணாடிகளும் நடுவழியில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கழித்தால் 2 மீட்டர்தான் தேறும். ஒரு பக்கம் புரோட்டோன் எக்ஸ்70, மறுபக்கம் ஹைலக்ஸ் என்றால் இன்னும் 20 சென்டிமீட்டருக்கு மேல் குறையும்.

குப்பை லோரியும் தீயணைப்பு வண்டியும் ஏறக்குறைய 2.5 மீட்டர் அகலம் கொண்டவை. அவற்றின் கண்ணாடிகள் அதற்கும் வெளியே நீட்டியிருக்கும். ஆக, 20 அடித் தெருவில் இரண்டு பக்கமும் கார் நின்றால் தீயணைப்பு வண்டி நுழையாது. மெதுவாகப் போனால் நுழைந்துவிடும் என்பதெல்லாம் இல்லை, நுழையவே நுழையாது.

ஒரு பக்கம் மட்டும் நிறுத்தினால் 4 மீட்டர் கிடைக்கும். தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீட்டர் தடையில்லாத வழி வேண்டும் என்பது பிரிட்டனில் கட்டடங்களுக்கு வைத்திருக்கும் அளவு. நம் தெருக்களுக்கும் அதை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். அதன்படி, தார் அகலம் 8 மீட்டருக்கு மேல் இருந்தால் இரண்டு பக்கமும் நிறுத்தலாம். ஏறக்குறைய 5.8 முதல் 8 மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும். அதற்கும் குறைவாக இருந்தால் தெருவில் நிறுத்தவே கூடாது.

நேரான பகுதி சரியாக இருந்தாலும் முனையில் வண்டி மாட்டிக்கொள்ளும். நீளமான லோரி திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முனையிலிருந்து இரண்டு கார் நீளத்துக்கு, சுமார் 9 மீட்டருக்கு, எதுவும் நிற்கக்கூடாது. ஒரு தெருவில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் முனைகளைக் காலி செய்யுங்கள்.

குடியிருப்பவர் காருக்கு மட்டும் அனுமதி தரும் ஸ்டிக்கர் திட்டம் வந்தால் பிரச்சினை தீருமா?

தெருவை நிரப்புவது யார் என்பதைப் பொறுத்தது. எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தெருக்களில் காலை ஏழு மணிக்கே வெளியார் கார்கள் வந்துவிடும். மாலூரி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், வங்சா மாஜு போன்ற நிலையங்களைச் சுற்றியுள்ளவர்களுக்கு இது பழகிய விஷயம். கடைவரிசையில் கட்டணப் பெட்டிகள் இருந்தால், காசு கொடுக்க விரும்பாதவர்கள் ஒரு தெரு பின்னால் தள்ளி நிறுத்துவார்கள். இப்படிப்பட்ட இடங்களில் குடியிருப்பாளர் அனுமதித் திட்டம் நன்றாக வேலை செய்யும்.

ஆனால் இரவு பத்து மணிக்கு நெரிசல் என்றால் அங்கே நிற்பவை பெரும்பாலும் உங்கள் கார்களே. அனுமதி அட்டையால் இடம் பெருகாது. 40 இடத்துக்கு 60 அட்டை கொடுத்தால், அட்டை வைத்திருக்கும் 20 பேர் கோபத்தோடு சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

யார் நிரப்புகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணித்தான். மூன்று நேரங்களில் எண்ண வேண்டும்: சாதாரண வேலை நாளின் இரவு 10 முதல் 11 வரை, மறுநாள் காலை 10 மணி, உங்கள் பகுதியில் கூட்டம் சேரும் நேரம் ஒன்று. பள்ளிவாசலுக்குப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை மதியம் 1 மணி, கோயிலுக்குப் பக்கம் என்றால் வெள்ளிக்கிழமை மாலை, கடைவரிசை என்றால் ஞாயிறு மதியம். பள்ளி விடுமுறையிலும் பெருநாள் வாரத்திலும் எண்ணாதீர்கள். அந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

ஒவ்வொரு தடவையும் நிற்கும் கார்களின் பதிவு எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முழு எண்ணும் படமும் வேண்டாம்; அது வாட்ஸ்அப் குழுவில் சுற்ற ஆரம்பித்தால் வேறு சண்டை வரும். இரவிலும் காலையிலும் இருக்கும் கார் குடியிருப்பாளருடையது. காலையில் மட்டும் இருப்பது பெரும்பாலும் வெளியார் கார். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே படம் தெளிவாகிவிடும்.

அடுத்தது எத்தனை இடம் இருக்கிறது என்பது. ஒரு பக்கத்தின் நீளத்தில் இரு முனைகளிலும் 9 மீட்டர் கழித்து, மிச்சத்தை 6 மீட்டரால் வகுங்கள். ஒரு பக்கத்துக்கு 12 வீடு, வீட்டுக்கு 20 அடி என்றால் நீளம் 73 மீட்டர். முனைகள் போக 55. ஆக அதிகபட்சம் 9 கார். அந்த 9 கார்களும் யாருடைய கேட்டுக்கு முன்னாலாவதுதான் நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் 20 அடி முகப்பில் கேட்டே பாதியை எடுத்துக்கொள்ளும்.

24 வீடுகளுக்கும் போர்ச்சில், அதாவது வீட்டு முன் கார் நிறுத்தும் இடத்தில், ஒரு கார் என்றால் 24. இரண்டு பக்கமும் நிறுத்தினால் 42, ஒரு பக்கம் மட்டும் என்றால் 33. வீட்டுக்குச் சராசரி இரண்டரை கார் என்று வைத்தால் தேவை 60. இந்தக் கணக்கைக் கூட்டத்தில் ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பாதி வாதம் அடங்கிவிடும்.

வெளியார்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

நேரம்தான் முக்கியம். ரயில் நிலையத்துக்கு வருபவர்களைத் தடுக்க நாள் முழுதும் கட்டுப்பாடு தேவையில்லை; திங்கள் முதல் வெள்ளி வரை காலையில் இரண்டு மணி நேரம், உதாரணமாக 9 முதல் 11 வரை, அனுமதி உள்ள கார் மட்டும் என்றால் போதும். எட்டு மணி நேரம் நிறுத்த வருபவர் இந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. மாலையில் பார்க்க வரும் உறவினருக்கோ கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவருக்கோ தொந்தரவும் இல்லை. எங்கள் பார்வையில் 24 மணி நேரக் கட்டுப்பாடு கேட்பது பெரும்பாலான தாமான்களுக்குத் தவறான கோரிக்கை.

யாருக்கு அனுமதி என்பதை மதிப்பீட்டு வரி பில்லை வைத்து, வீட்டுக்கு இத்தனை என்று முடிவு செய்யுங்கள். வாடகைக்கு இருப்பவரை விட்டுவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தம் காட்டினால் அவருக்கும் அதே உரிமை. போர்ச்சில் இடம் உள்ள வீட்டுக்கு ஒன்று, இல்லாத வீட்டுக்கு இரண்டு என்று வைப்பது நியாயமானது. லோரிக்கும் வேன் வாடகைத் தொழில் நடத்துபவரின் வண்டிகளுக்கும் வேண்டாம். விருந்தினர் அனுமதிக்கு வீட்டுக்கு மாதம் இத்தனை நாள் என்ற வரம்பு இல்லையென்றால், அது நிலையத்துக்குப் போகும் நண்பர்களிடம் கைமாறிவிடும்.

முடிந்தால் ஸ்டிக்கரைவிடப் பதிவு எண் பட்டியலே மேல். ஸ்டிக்கர் வெயிலில் வெளுக்கும், நகல் எடுக்கப்படும், காரை விற்றவுடன் அதோடு போய்விடும்.

விண்ணப்பம் எங்கே, எப்படி?

சாலை டிபிகேஎல் உடையது என்பதால் கோடும் பலகையும் அபராதமும் அவர்கள் வழியாகத்தான் வர வேண்டும். சங்கம் 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றிருந்தால் கடிதத்துக்கு எடை கூடும். கடிதத்தை மலாயில் எழுதுங்கள். தெருவின் வரைபடம், அளந்த அகலங்கள், மூன்று நேரக் கணக்கு, வீட்டு எண் வாரியாக ஒப்புதல் கையெழுத்து, முனையில் லோரி மாட்டிக்கொண்ட படம் ஏதாவது இருந்தால் அது: இவ்வளவும் சேர்ந்து ஐந்தாறு பக்கம் போதும்.

கையெழுத்து வாங்கும்போது எதிர்ப்பவர்களின் காரணத்தையும் எழுதி இணையுங்கள். மறைத்தால் அதிகாரிகள் நேரில் பார்க்க வரும் நாளில் அது வெளியே வரும். அன்றோடு மனு படுத்துவிடும். ஒரு தெருவுக்கு மட்டும் கேட்காமல் பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் நெரிசல் அடுத்த லோரோங்குக்கு (சந்துக்கு) நகரும்; அங்கேயும் நம் ஆட்கள்தான் குடியிருக்கிறார்கள்.

அதுவரை எங்கள் சங்கமே ஸ்டிக்கர் அடித்து, மீறுபவர் காரில் கிளாம்ப் (சக்கரப் பூட்டு) போடலாமா?

அடையாளத்துக்காக ஸ்டிக்கர் அடிக்கலாம். பொதுச் சாலையில் கிளாம்ப் போடவோ இழுத்துச் செல்லவோ சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. டயர் காற்றைப் பிடுங்குவது, கீறுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். பொருளுக்குச் சேதம் விளைவித்தால் தண்டனைச் சட்டத்தின் 427-ஆவது பிரிவு 1 முதல் 5 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. இன்றைக்குப் பாதி கார்களில் கேமரா இருக்கிறது.

காவலாளியும் தடுப்புக் கட்டையும் வைக்கும் திட்டம் தனி விஷயம். கோத்தா டாமான்சாரா வழக்கு ஒன்றில், உள்ளாட்சி அனுமதியோடு வைத்த காவல் சாவடியும் தடுப்பும் சட்டவிரோதமல்ல என்று கூட்டரசு நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. அனுமதியோடு என்பதுதான் அதில் கவனிக்க வேண்டியது. அனுமதி இருந்தாலும் காவலாளி பொதுமக்களைத் திருப்பி அனுப்பவோ அடையாள அட்டையைப் பிடுங்கி வைக்கவோ கூடாது.

எங்கள் சொந்தக் கார்கள்தான் அதிகம். என்ன வழி?

போர்ச்சைப் பாருங்கள். 20 அடி வீட்டின் முன்பக்கம் 6.1 மீட்டர் அகலம். இரண்டு மைவி பக்கத்தில் பக்கம் நின்றால் 3.47 மீட்டர், கதவு திறக்க இடத்துக்கு 60 சென்டிமீட்டர் வீதம் மூன்று இடைவெளி கொடுத்தாலும் 5.3 தான். சுவர் போகவும் இடம் இருக்கிறது. இருந்தும் பல வீடுகளில் ஒரு கார்தான் நிற்கிறது. கேட் குறுகலாக, நடுவில் இருக்கும். அல்லது போர்ச்சில் பாதி பழைய சோபா, சலவை இயந்திரம், விற்காத அலமாரி என்று நிறைந்திருக்கும். ஒரு தெருவில் பத்து வீடுகள் இரண்டாவது காரை உள்ளே எடுத்தால் அது பத்து இடம். எந்த அனுமதித் திட்டமும் இவ்வளவு தராது.

கேட்டை 16 அடிக்கு அகலப்படுத்தும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தூணில் மின்மீட்டர் இருந்தால் முதலில் மின்சார நிறுவனமான டிஎன்பியிடம் கேட்டு, பதிவு பெற்ற மின் ஒப்பந்ததாரரை வைத்து நகர்த்த வேண்டும். சுவர் இடிப்பவரிடம் விடாதீர்கள். வெளிப்பக்கம் திறக்கும் கேட் வேண்டாம். மடியும் கேட்டோ நகரும் கேட்டோ போடுங்கள். கால்வாய் மேல் போடும் சிலாப்பை ஒரே துண்டாகக் கட்டிவிடாதீர்கள். 60க்கு 90 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் கனம் உள்ள ஒரு கான்கிரீட் துண்டே ஏறக்குறைய 130 கிலோ. இருவர் கம்பி போட்டு நெம்பி எடுக்கலாம். முழு நீளமாக ஊற்றிவிட்டால் யாராலும் திறக்க முடியாது. அடியில் மண் சேரும், ஏடிஸ் கொசு பெருகும், அடுத்த பெருமழையில் தண்ணீர் உங்கள் போர்ச்சுக்கே வரும். கால்வாயை மூடுவதற்கும் டிபிகேஎல் அனுமதி வேண்டும்.

காரை வாங்கும்போதே இடத்தைக் காட்ட வேண்டும் என்ற விதி ஜப்பானில் 1962-இலிருந்து இருக்கிறது. வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் உண்டு என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் பெரும்பாலான பகுதிகளில் காரைப் பதிவு செய்ய முடியும். நம் நாட்டில் இப்படி விதி இல்லை. மூன்றாவது கார் வாங்கும் முன் குடும்பத்தில் நாமாகவே அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மோட்டார் சைக்கிள்களைச் சுவரோரம் தனித்தனியாக விடாமல் ஒரு கார் இடத்தில் குறுக்காக வரிசையாக வைத்தால் ஆறு நிற்கும்.

ஒரு பக்கம் மட்டும் என்றால் எந்தப் பக்கம்?

வளைவு இருந்தால் உள்பக்கம் காலியாக இருக்கட்டும். அங்கே கார் நின்றால் எதிரே வருபவர் தெரியமாட்டார். தீயணைப்புக் குழாய் உள்ள பக்கமும் காலியாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால், 30 மீட்டர் இடப்பக்கம், அடுத்த 30 மீட்டர் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைப்பதே நியாயம். சுமை இரண்டு வரிசைக்கும் பகிரப்படும், வேகமாக ஓட்டுபவர்களும் அடங்குவார்கள். பக்கம் மாறும் இடத்தில் குறைந்தது 12 மீட்டர் காலியாக விடுங்கள், இல்லையென்றால் லோரி வளைந்து போக முடியாது. ஒற்றைப்படை நாள், இரட்டைப்படை நாள் என்று மாற்றும் முறையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நடுராத்திரியில் காரை மாற்ற எழுந்து வருபவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் வரமாட்டார்கள்.

டபுள் பார்க்கிங் செய்து நியூட்ரலில் விட்டால் பிறர் தள்ளிக்கொள்வார்கள் அல்லவா?

பழைய மேனுவல் கார்களோடு அந்தக் காலம் போய்விட்டது. தானாகக் கியர் மாறும் பல ஆட்டோ கார்களில் பி (பார்க்) நிலைக்குப் போனால்தான் சாவி வரும். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ள சில கார்களில் இயந்திரத்தை அணைத்ததும் பிரேக் தானே விழும். கியர் பக்கத்தில் உள்ள ஷிப்ட் லாக் பொத்தானை அழுத்தி நியூட்ரலில் வைக்கலாம்தான், ஆனால் சிறிய சரிவு இருந்தாலும் ஒரு டன் எடையுள்ள கார் தானாக உருள ஆரம்பிக்கும். டாஷ்போர்டில் தொலைபேசி எண்ணோடு வீட்டு எண்ணையும் எழுதி வையுங்கள். இரவில் பலர் தொலைபேசியை ஊமையாக்கிவிடுகிறார்கள்; கதவைத் தட்டினால் கேட்கும்.

கேட்டை அடைத்து நிறுத்திவிட்டார்கள். உடனே என்ன செய்வது?

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள், குழுவில் படம் போடாதீர்கள். "வணக்கம் அண்ணே, 14-ஆம் நம்பர் வீட்டுலேர்ந்து வர்றேன். காலையில ஆறரைக்குப் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போகணும். உங்க காரை ஓரடி முன்ன தள்ளி வச்சா கேட் முழுசா திறக்கும்." இப்படிக் காரணத்தையும் தேவையான அளவையும் சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

கார் யாருடையது என்றே தெரியவில்லை என்றால், கேட்டும் காரும் பதிவு எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து, நேரத்தைக் குறித்து, டிபிகேஎல் புகார் முறையிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ கொடுங்கள். இடையூறாக வாகனம் நிறுத்துவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48-ஆவது பிரிவில் வருகிறது. நோயாளியை ஏற்றிச் செல்ல வேண்டிய அவசரம் என்றால் புகாரில் நேரத்தைக் கழிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறோம். இவையெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. வளாகத்துக்குள் உள்ள இடம் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாகச் சட்டத்தின் கீழ் வருகிறது. நிர்வாகக் குழு கிளாம்ப் போடலாம், ஆனால் விதிமீறலுக்கான அபராதம் 200 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. மதில் தாண்டி வெளியே சாலையில் நிற்கும் கார் அவர்கள் கைக்கு எட்டாது.

கல்யாணம், கோயில் விழா, பந்தல்?

சாலையில் பந்தல் போட டிபிகேஎல் அனுமதி வேண்டும். காவல் நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் முன்பே பக்கத்து வீடுகளுக்குச் சொல்லுங்கள், குறிப்பாக வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு. குப்பை எடுக்கும் நாளில் பந்தல் வேண்டாம். கால்களைத் தாரில் ஆணி அடித்து நிறுத்தாமல் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் கட்டுங்கள். விருந்தினர் கார்களுக்கு அருகிலுள்ள பள்ளி வளாகத்தையோ மண்டபத்தையோ முன்கூட்டியே கேட்டுவிட்டு, அதன் இடத்தை அழைப்பிதழ்ச் செய்தியோடு அனுப்புங்கள். வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் யாரும் திரும்பிப் போக மாட்டார்கள்.

பல மாதமாக அசையாமல் ஒரு பழைய கார் கிடக்கிறது. எடுக்க முடியுமா?

முடியும், ஆனால் நீங்களாக எடுக்கக்கூடாது. 2023 பிப்ரவரி முதல் தனியார் கார்களின் கண்ணாடியில் ரோட்டாக்ஸ் எனப்படும் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டியதில்லை என்பதால், வில்லை இல்லாததை வைத்துக் கைவிடப்பட்ட கார் என்று சொல்ல முடியாது. காற்றிறங்கிய டயர், அடியில் முளைத்த புல், உள்ளே தேங்கிய தண்ணீர், இவை படத்தில் தெரிய வேண்டும். இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களோடு டிபிகேஎல்லுக்குப் புகார் கொடுத்தால், அவர்கள் முதலில் காரில் அறிவிப்பு ஒட்டி, உரிமையாளர் வராவிட்டால் இழுத்துச் செல்வார்கள். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கேட்கும்போது அந்த எண்ணைச் சொன்னால்தான் கோப்பைத் தேடி எடுப்பார்கள்.